பூட்டாத பக்கிள்

ஒரு நாட்டாரின் உடையைப்பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலையிலிருந்து தொடங்கி இடுப்போடு நின்றுவிடுகிறார்கள். ஸ்கொத்லாந்தின் மலைப்புல உடையைப்பற்றி எழுதுவோரும் இதற்கு விலக்கானவரல்லர். கட்டமிட்ட தாட்டன் துணியின் நிறங்களைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். 'கில்ற்' எனப்படும் மடிப்பாடைக்கு எவ்வளவு துணி செல்லும் என்று கணக்கிடுவர். இடுப்பின் முன்னே தொங்கும் 'ஸ்போறன்' என்ற தோற்பை எவ்விலங்கின் மயிரால் ஆயது என்றும் ஆராய்வர். காலுக்கு வந்ததும் 'கறுப்புச் சப்பாத்து' என்ற இரண்டு சொற்களோடு விடயம் முடிந்துவிடும். அவ்வுடையில் இன்று பொய் மிகுதியாகப் புகுந்திருக்கும் இடம் காலே என்பது என் கருத்து. கல்வியின் நிமித்தம் எடின்பரோவிற் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தபோது உருவான கருத்து இது. இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளக் காரணம் எதையும் நான் காணவில்லை.

ஹைலண்ட்ஸ் என்ற அப்பகுதியை மலைநாடு என்றே எழுதலாம். ஆயின் அச்சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் ஹட்டனும் நுவரெலியாவும் தோன்றிவிடும். ஆதலால் மலைப்புலம் என்று எழுதுகிறேன்.

மலைப்புல உடையோடு அணிவதற்கு இருவகைச் சப்பாத்துகள் வழக்கில் உள. ஒன்று 'கிலி புரோக்'. இதற்கு நாக்குத் தோல் கிடையாது. நீண்ட கயிற்றைக் கணுக்காலிற் சுற்றிக் கட்டுவர். வாடகைக்கு உடை கொடுக்கும் கடைகள் எல்லாம் இதனையே கொடுக்கின்றன. கயிற்றைக் கெண்டைக்கால்வரை ஏற்றிக் கட்டி, கூடையிற் சிக்கிய மீன்போலக் காலை ஆக்கிக்கொள்ளும் இளைஞரைக் கண்டு முதியோர் முகம் சுளிப்பதுண்டு. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மற்றையது 'பக்கிள் புரோக்'. புறங்காலின் குறுக்கே ஒரு தோல்வார் ஓடும். அதனை ஓர் உலோகப் பக்கிள் பூட்டும். விரல்களின்மேல் வளைந்த தோலில் துளைகள் வரிசையாக இடப்பட்டிருக்கும். சிலவற்றில் விரற்பக்கத்தில் இன்னொரு பக்கிளும் உண்டு, அது அழகுக்கு. மாலை விருந்துகளுக்கும் சடங்குகளுக்கும் உரியது இவ்வகை. நான் எழுத எடுத்துக்கொண்டது இதனைப்பற்றியே.

'புரோக்' என்ற சொல் கேலிக் மொழியில் சப்பாத்தைக் குறிக்கும் சொல்லே. நாம் சப்பாத்தையும் அதன் பெயரையும் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றோம். கரையில் வந்திறங்கியவனின் சொல் அது. ஆங்கிலேயரோ தாம் நாகரிகமற்றோர் என்று இகழ்ந்த மலைமக்களின் வாயிலிருந்து இச்சொல்லை எடுத்தனர். ஐரிஷ்காரர் ஆங்கிலம் பேசும் ஒலிப்பாங்குக்கும் ஆங்கிலத்தில் 'புரோக்' என்றே பெயர். இரண்டும் ஒரே சொல்தானா என்பது மொழிநூலார் இன்னும் தீர்க்காத வழக்கு. மாணவர்கள் அகராதியைப் புரட்டிப் பார்க்கத்தக்க செய்தி இது.

அப்பழைய மலைப்புலத்தாரின் சப்பாத்து எத்தகையது என்பதற்கு நல்ல சான்று ஒன்றுண்டு. 1543ஆம் ஆண்டில் ஜோன் எல்டர் என்னும் மலைப்புலத்துக் குருவானவர் இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றிக்கு ஒரு கடிதம் எழுதினார். செம்மானை வேட்டையாடி, அதன் தோலைக் கணுக்கால் அளவுக்கு வெட்டி, மேற்புறத்தில் துளைகளிட்டு, வாரினால் இழுத்துக் கட்டுவோம் என்று அதில் விளக்குகிறார். உள்ளே புகுந்த நீர் மீண்டும் வெளியேறவே அத்துளைகள். சேறும் சதுப்பும் ஓடைகளும் நிறைந்த நிலத்தில் நீர் புகாத சப்பாத்தை ஆக்க முயல்வதைவிட, புகுந்த நீரை வெளியேற்றும் சப்பாத்தை ஆக்குவதே அறிவு. இன்று உலகமெங்கும் உத்தியோகத்தர் அணியும் சப்பாத்துகளின் மேற்றோலில் அழகுக்காக இடப்படும் புள்ளிகளைக் காணும்போதெல்லாம், அம்மான்தோலும் அச்சதுப்பும் என் நினைவுக்கு வருவதுண்டு.

பக்கிளின் வரலாறு வேறு. அது மலையில் தோன்றவில்லை. தெற்கிலிருந்து, நகரத்திலிருந்து, அரசவையிலிருந்து வந்தது. லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1660ஆம் ஆண்டு ஜனவரி 22ஆந் திகதியன்று தம் சப்பாத்திற்கு முதன்முதலாகப் பக்கிள் இட்டதை ஒரு செய்தியாகவே குறித்துவைத்தார். அடுத்த நூறாண்டுகளில் கனவான் ஒவ்வொருவனும் பக்கிள் அணிந்தான். அக்காலத்தில் பக்கிள் சப்பாத்தோடு தைக்கப்பட்டதன்று. அது தனிப்பொருள்; நகையைப்போலப் பெட்டியில் வைத்துப் பேணப்படும். ஒரு சோடி தேய்ந்ததும் கழற்றி மறுசோடியிற் பூட்டுவர். அதன் முட்கள் வாரைக் குத்திப் பிடித்துக்கொள்ளும். வெள்ளியும் எஃகும் பித்தளையும் கண்ணாடிக் கல்லும் அவரவர் வசதிக்கேற்பப் பயன்பட்டன. பிரெஞ்சு இளவரசன் ஆர்த்துவாப் பிரபுவின் பெயரால், புறங்காலையே மூடுமளவுக்குப் பெரிய பக்கிள்கள் 1770களிலும் 1780களிலும் எழுந்தன. அத்துணை பெரிதானபின் வீழ்ச்சியன்றி வேறு வழியில்லை போலும். சப்பாத்துக் கயிறு வந்தது. பக்கிள் ஒழியத் தொடங்கிற்று.

பேமிங்காமிலும் வோல்சோலிலும் வொல்வஹாம்ரனிலும் பக்கிள் செய்து வாழ்ந்த தொழிலாளர் பெருந்தொகையினர். 1791ஆம் ஆண்டளவில் அவர்கள் சார்பில் ஒரு தூதுக்குழு வேல்ஸ் இளவரசரிடம் சென்று முறையிட்டது. இளவரசர் இரங்கித் தம் வீட்டாரும் பணியாளரும் பக்கிளே அணியவேண்டும் என்று கட்டளையிட்டார். பயன் ஒன்றும் விளையவில்லை. மோடியை அரச கட்டளை நிறுத்தியதாக நான் எந்த வரலாற்றிலும் படித்ததில்லை. அவ்விளவரசரின் பெயரைச் சற்று நினைவில் வைத்திருக்குமாறு வாசகர்களை வேண்டுகிறேன். பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் ஆனவர் அவரே.

இனி அவ்வுடையின் துன்பக் கதைக்கு வருவோம். 1746ஆம் ஆண்டு ஏப்ரலில் கலோடன் வெளியில் மலைப்புலப் படை அழிந்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம், 1747 ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் ஆண்களும் சிறுவரும் மலைப்புல உடை அணிவதைத் தடைசெய்தது. முதன்முறை அகப்பட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை அகப்பட்டால் ஏழு ஆண்டுகள் கடல் கடந்த நாடுகடத்தல். போர்வை, சிறு கில்ற், தோள்வார் என்றெல்லாம் பெயர் சொல்லித் தடுத்த அச்சட்டம் சப்பாத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அரசனின் படையிற் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. தன் தகப்பன் உடுத்ததை உடுக்க விரும்புபவன் தன் தகப்பனை வென்றவனுக்காகத் துவக்குத் தூக்கவேண்டும் என்பதே அதன் பொருள். 1782ஆம் ஆண்டிலேதான் அச்சட்டம் நீக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு தலைமுறைக்குமேல். இளமையில் உடுத்தவர்களுட் பலர் அதற்குள் இறந்திருப்பர். உயிரோடு இருந்தோர் காற்சட்டைக்குப் பழகியிருப்பர்.

பின்னர் 1822ஆம் ஆண்டில், நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளினார். ஏற்பாடுகள் அனைத்தும் நாவலாசிரியர் சேர் வோல்ற்றர் ஸ்கொட்டின் கைவண்ணம். மன்னர் தாட்டனும் கில்ற்றும் அணிந்து, உள்ளே சதைநிறத்தில் இறுக்கமான காலாடையும் இட்டு, விருந்தினர்முன் தோன்றினார். உடைக்கும் அணிகலன்களுக்குமான கணக்கு 1,354 பவுண் 18 சிலிங். எழுபத்தைந்தாண்டுகளுக்கு முன் சிறைக்கு வழிகாட்டிய உடை, அன்றுமுதல் அரண்மனைக்கு வழிகாட்டும் உடையாயிற்று. மலைப்புலத்துக்கு வெளியே வாழ்ந்த கனவான்களும் அதனை விரும்பி உடுத்தனர். நகரத்தில் மறைந்துபோன பக்கிள் இவ்வுடையோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது. பேமிங்காம் தொழிலாளர்க்கு இளவரசராக அவராற் செய்ய முடியாததை, மன்னராக அவர் தம்மையறியாமலே ஓரளவு செய்துவிட்டார். ஆனால், முறையிட்டவர்களுக்கு அது காலம் கடந்த உதவி.

மானின் தோலைச் சுற்றிக்கொண்ட வேட்டுவனின் துளையும், லண்டன் கனவானின் பூட்டும் ஒரே காலில் சேர்ந்த கதை இதுவே. இரண்டும் தோன்றியது தேவையால். பக்கிள் புரோக் அணிபவன் இவ்விரண்டையும் சேர்த்தே அணிகிறான்.

இங்கே ஒரு சாரார் குறுக்கிடுவர். இவ்வுடையின் பழைமையே பொய் என்பது அவர்தம் வாதம். 1983இல் வெளிவந்த 'மரபின் கண்டுபிடிப்பு' என்ற கட்டுரைத் தொகுதியில் வரலாற்றாசிரியர் ஹியூ றெவர்-றோப்பர், இன்றைய சிறு கில்ற்றை ஆக்கியவர் தோமஸ் றோலின்சன் என்னும் ஆங்கிலேய இரும்பாலைக்காரரே என்றும், குலத்துக்கொரு தாட்டன் என்பது பிற்காலக் கற்பனை என்றும் எழுதினார். கில்ற்றைப்பற்றிய கூற்றை மறுப்போர் உளர். தாட்டனைப்பற்றிய கூற்றிற் பெரும்பகுதியை மறுப்பது கடினம். இதைப் படித்தவர்களுள் ஒரு கூட்டத்தினர், "எல்லாம் வேடந்தானே, வேடத்துக்கு எந்தச் சப்பாத்தானால் என்ன?" என்று கேட்கிறார்கள். படித்தவர்கள் கேட்பதாலேயே இக்கேள்வி என்னைச் சினமூட்டுகிறது.

ஓர் உடை நூறாண்டுப் பழைமையுடையதா ஐந்நூறாண்டுப் பழைமையுடையதா என்பது வரலாற்றாசிரியனின் வினா. அது நன்றாகத் தைக்கப்பட்டதா என்பது உடுப்பவனின் வினா. முதல் வினாவுக்கு விடை எதுவாயினும் இரண்டாவது வினா அழிந்துவிடாது. மன்னர் வேடம் புனைந்தார் என்பதற்காக, அவருக்குச் சப்பாத்துத் தைத்தவனின் ஊசி பொய்யாகிவிடுமா? கூத்தில் அணியும் முடி உண்மை அரசனுடையது அன்று என்பதற்காக, அம்முடியைச் செய்யும் நம்மூர்க் கலைஞன் கைபோன போக்கில் அதனைச் செய்வதில்லை. ஒருகாலத்தில் இவ்வுடைக்காக மனிதர் சிறை சென்றனர். இன்று திருமணம் செய்கையிலும் இறந்தவரைச் சுமக்கையிலும் மனிதர் இதனை அணிகின்றனர். அத்தகைய நாட்களில் அணிவதற்கு ஒட்டுப்பசையாலும் பிளாஸ்ரிக்காலும் ஆன ஒன்றை எடுத்து நீட்டுவதை நான் அலட்சியம் என்றே சொல்வேன்.

'பாவனை' என்ற நம் சொல் இவ்விடத்தில் எனக்குப் பெரிதும் உதவுகிறது. இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்படுத்துதல். ஏட்டுத் தமிழில் பாவனை என்றால் ஒன்றை மற்றொன்றாகக் காட்டுதலும் ஆகும். எடின்பரோ நண்பர் ஒருவருடைய மகனின் திருமணத்துக்குச் சப்பாத்துத் தெரிவதற்காக ஒரு கடைக்கு நானும் சென்றிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். அங்கு கண்ட சோடியில் பக்கிள் பெரியது, மினுங்குவது, முட்செடிப் பூவும் பின்னற்கோலமும் பொறித்தது. மாப்பிள்ளை அதன் முள்ளைக் கழற்ற முயன்றான், அது அசையவில்லை. வாரைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் இறப்பர்ப் பட்டி ஒன்று மறைந்திருந்தது. பக்கிள் வாரின்மேல் நிலையாக ஒட்டப்பட்டது; காலைப் பிடிப்பது இறப்பர். "யார் தம்பி குனிந்து பார்க்கப்போகிறார்கள்?" என்றார் விற்பனையாளர், மிக அன்போடு. மாப்பிள்ளை அதை வாங்கவில்லை. வேறோரிடத்தில் இரட்டிப்பு விலை கொடுத்து வேறொன்றை வாங்கினான். தகப்பனாருக்கு அது பிடிக்கவில்லை.

நண்பரின் மனத்தாங்கலை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒருநாள் அணிவதற்கு இவ்வளவு பணமா என்ற கேள்வி ஏழைக்கு மட்டுமன்றி எல்லாருக்கும் உரியது. வாங்க இயலாதவன் நல்லதொன்றை இரவல் கேட்கலாம். அல்லது தன்னிடம் உள்ள சாதாரணக் கறுப்புச் சப்பாத்தைத் துடைத்து அணியலாம். அதில் இழிவு ஏதுமில்லை. பக்கிள்போல் தோன்றும் ஒன்றுக்குப் பணம் கொடுப்பதையே நான் ஆட்சேபிக்கிறேன்.

துளையும் இன்று நீரை வெளியேற்றுவதில்லையே, அதை ஏற்பவன் பூட்டாத பக்கிளை ஏன் ஏற்கக்கூடாது என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டார். கூர்மையான கேள்வி. துளை பயன் இழந்து அணியாக மாறியதை எல்லாரும் அறிவர். அது எதையும் மறைப்பதில்லை. பூட்டாத பக்கிளோ தான் செய்யாத வேலையைச் செய்வதாகக் காட்டி, அவ்வேலையைச் செய்யும் இறப்பரை மறைக்கிறது. இறப்பர் தளர்ந்தால் மாற்ற வழியில்லை; சப்பாத்து முழுவதும் குப்பைக்குப் போகும். அன்றியும் நல்ல சப்பாத்தில் துளை உண்மையாகவே துளைதான்: மேற்றோலை ஊடுருவி வெட்டி, அடியில் இன்னொரு தோலை வைத்துத் தைத்திருப்பர். மலிவான சப்பாத்தில் துளையும் இல்லை. அச்சினால் அழுத்திய பள்ளந்தான் உண்டு. நகத்தாற் தடவிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

ஆகவே வாங்கப்போகிறவர் முதலிற் செய்யவேண்டியது பக்கிளைக் கழற்றிப் பூட்டிப் பார்ப்பதே. முள் துளையினுட் சென்று வார் இழுபட வேண்டும். வாரில் மூன்று நான்கு துளைகளாவது இருக்கவேண்டும். புதுச் சப்பாத்து நடுத்துளையில் நிற்பது நலம். ஏனெனில் தோல் நாளடைவில் இளகும்; அப்பொழுது இறுக்குவதற்கு ஒரு துளை மீதம் வேண்டும். பக்கிளைக் கையில் எடுத்தால் அதற்குக் கனம் இருக்கவேண்டும். வார்த்த பித்தளையும் ஈயவெள்ளீயக் கலவையும் தேயும், மங்கும். ஆயினும் துடைக்கத் துடைக்க ஒளிவிடும். நாக உலோகத்தின்மேற் பூசிய குரோமியப் பூச்சு உரிந்தபின் அதற்கு மருந்து கிடையாது. கோலத்தைப் பொறுத்தவரை எளியதே என் தெரிவு. முட்செடியும் பின்னலும் கேடயமும் ஒரே பக்கிளில் இருந்தால், அங்கு பயணிகளுக்கு விற்கும் இனிப்புப்பெட்டியின் மூடி நினைவுக்கு வருகிறது.

அடுத்தது அடி. மேற்றோலையும் உள்ளடியையும் ஓர் ஓரப்பட்டியோடு சேர்த்துத் தைத்து, பின்னர் அப்பட்டியோடு அடித்தோலைத் தைப்பது ஒரு முறை. 19ஆம் நூற்றாண்டில் அதற்கு இயந்திரம் வந்தது. குட்இயர் என்ற பெயரால் அதனை அழைப்பர். அடி தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் அறுத்துப் புது அடி போடலாம். மேற்றோலுக்குத் தீங்கு வராது. உள்ளடிக்கும் அடித்தோலுக்கும் இடையில் இடும் தக்கை நாளடைவில் உரியவனின் பாதம்போலப் பதிந்துகொள்ளும். பசையால் மட்டும் ஒட்டியதற்கு இவ்வாய்ப்புகள் இல்லை. ஆனால் கவனம்: ஓரத்தில் தையல் தெரிவதனால் மட்டும் ஏமாந்துவிடக்கூடாது. வார்ப்பிலேயே தையல்போலக் கோடிட்ட இறப்பர் அடிகள் ஏராளம். பக்கிளிற் கண்ட நாடகம் இங்கும் நடக்கிறது.

தோலைச் சிறிது வளைத்துப் பார்த்தால் அது தானே பேசும். நல்ல கன்றுத்தோலில் மெல்லிய நுண்சுருக்கம் விழுந்து மறையும்; தடித்த பூச்சுப் பூசியதில் மெழுகுசீலைபோல அகன்ற மடிப்பு விழும். மாலை உடைக்குக் கண்ணாடிபோல் மினுங்கும் 'பேற்றன்ற்' தோலே முறை என்பாரும் உளர். முற்காலத்தில் அம்மினுக்கம் ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை பூசிக் காயவைத்துப் பெற்றது. இன்று பெரும்பாலும் பிளாஸ்ரிக் பூச்சு. அது வெடித்தால் வெடித்ததுதான். கன்றுத்தோலைக் கையால் மெருகிட்டு அணிவதையே நான் விரும்புவேன்.

அளவு பார்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கயிறில்லாத சப்பாத்தைக் காலோடு பிணைப்பது அவ்வொரு வாரே. ஆதலால், மற்றச் சப்பாத்துகளில் பொறுத்துக்கொள்ளும் அரை அங்குலத் தளர்ச்சியை இதிற் பொறுக்க முடியாது. கில்ற்றோடு அணியும் தடித்த கம்பளிக் காலுறையை வீட்டிலிருந்தே கொண்டுசென்று, அதனை அணிந்தே பார்க்கவேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலைநேரத்திற் பார்ப்பது நன்று. வார் புறங்காலின் மேட்டில் அமரவேண்டும். கணுக்கால் மடியும் இடத்தில் அமர்ந்தால் ஒவ்வோர் அடியிலும் அறுக்கும். நடக்கையிற் குதி மேலெழக்கூடாது. இதையெல்லாம் கடையின் கம்பளத்தில் நாலடி நடந்து அறியமுடியாது. 'ஸ்ட்ரிப் த வில்லோ' என்றொரு குழுநடனம் அவர்களுடைய திருமணங்களில் உண்டு. ஆணும் பெண்ணும் கைகோத்து வரிசை நெடுகச் சுழன்று செல்வர். அந்நடனத்தின் நடுவே ஒருவரின் சப்பாத்துப் பறந்து சென்று வாத்தியக்காரர் காலடியில் விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். அதன் பக்கிள் பூட்டியபடியே இருந்தது.

விலையைப்பற்றி மீண்டும் ஒரு சொல். இரண்டு மூன்றுமுறை அடி மாற்றத்தக்க சோடி, உரிய முறையிற் பேணினால் மகனுக்கும் உதவும். நனைந்ததைக் கடதாசி திணித்து நிழலில் உலர்த்தவேண்டும்; கணப்படுப்பின் அருகே வைத்தால் தோல் வெடிக்கும். இவ்வளவே பராமரிப்பு.

பழைய பக்கிள்களைத் தேடி வாங்குவோருக்கும் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. பக்கிள் தனிப்பொருளாக இருந்த காலத்து வெள்ளிச் சோடிகள் இன்றும் பழம்பொருட் கடைகளில் அகப்படுகின்றன. எடின்பரோவிற் சோதிக்கப்பட்ட வெள்ளியாயின் மூன்று கோபுரக் கோட்டை முத்திரை அதன் பின்புறத்தில் இருக்கக்கூடும். 1759ஆம் ஆண்டு தொடக்கம் முட்செடி முத்திரையும், 1975க்குப் பின் அதன் இடத்திற் பின்னங்காலில் எழுந்துநிற்கும் சிங்கமும் வரும். சட்டம் மட்டும் எஞ்சி உள்முட்கள் உடைந்துபோனவையே மிகுதி. முட்கள் குறையாத சோடி கிடைத்தால், முதலிற் பக்கிளை எடுத்துச்சென்று சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து, அதன் உள்வாய் அகலத்துக்கேற்ப வாரை வெட்டச்சொல்ல வேண்டும். சப்பாத்தைத் தைத்து முடித்தபின் பக்கிளைக் கொண்டுசென்றால் அவர் வாரை ஓரத்தில் அரிந்து ஒடுக்குவார். அரிந்த ஓரம் முதலாவது மழையிலேயே பிசிர்விடும்.